ருத்ரசேனனின் ஒற்றை இலக்கம்

என்னிடம் மேற்குச் சத்திரபர்களின் வெள்ளிக்காசு ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. எடை இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கத்தில் மீசை வைத்த அரசனின் வலம் நோக்கிய முகம், அதைச் சுற்றிப் பொருள் இழந்துபோன கிரேக்க எழுத்துகளின் சாயல். மறுபக்கத்தில் மூன்று வளைவுகள் கொண்ட மலை, அதன் அடியில் நெளிந்தோடும் ஆறு, மேலே பிறையும் கதிரும்; விளிம்பை ஒட்டி, ‘சத்திரபன் வீரதாமனின் மகன், மகாசத்திரபன் ருத்ரசேனனுடையது’ என்று பொருள்படும் பிராமி எழுத்து வரிசை. குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்ட இந்த மரபினர், அரசனின் தலைக்குப் பின்னால், காசு அடிக்கப்பட்ட சக ஆண்டையே (பொது ஆண்டு 78-இல் தொடங்கும் கணக்கு) எண்களில் பொறித்தார்கள். நூறுக்கு ஒரு குறி, எண்பதுக்கு ஒரு குறி, ஒற்றை இலக்கத்துக்கு ஒரு குறி. ஏறத்தாழ 1750 ஆண்டுகளுக்கு முந்தைய காசு ஒன்று எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிவது பழைய இந்திய நாணயங்களில் அரிய வாய்ப்பு. என் காசில் நூறும் எண்பதும் தெளிவாக இருக்கின்றன. ஒற்றை இலக்கம் இல்லை. அதை அழித்தவன் நான்தான்.

திருச்சியில் ஒரு நாணயக் கண்காட்சியில் அதை வாங்கினேன். தலைக்குப் பின்னால் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு திட்டு இருந்தது. அதனடியில் மூன்றாவது குறி மங்கலாக மேடிட்டுத் தெரிந்தது. அந்தத் திட்டை மண் என்று நினைத்தேன். மண் என்றால் தேய்த்தால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைத் தொட்டியின் அருகில் நின்றுகொண்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். திட்டு மெழுகு போல வழுக்கிக்கொண்டு வந்தது. வருவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்ததால் நிறுத்தத் தோன்றவில்லை. கழுவித் துடைத்து லென்ஸை வைத்துப் பார்த்தபோது, அடியிலிருந்து எழுத்து எதுவும் எழவில்லை. அம்மைத் தழும்பு போலக் குழி குழியான, பளபளப்பற்ற ஒரு பள்ளம் மட்டுமே இருந்தது. தராசில் வைத்தேன். காலையில் 2.31 கிராம் இருந்த காசு 2.15 ஆகியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டு அழுக்கு போய்விட்டது என்று முதலில் தேற்றிக்கொண்டேன். போனது அழுக்கு அன்று என்பது பிறகுதான் விளங்கியது. நான் சுரண்டி எடுத்தது காசின் மேலிருந்த ஒன்றை அன்று, காசையே.

உப்புள்ள மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் வெள்ளி, மண்ணிலுள்ள குளோரைடுடன் வினைபுரிந்து வெள்ளிக் குளோரைடாக மாறுகிறது. கனிமவியலார் இதைக் ‘கொம்பு வெள்ளி’ என்பார்கள். பார்வைக்கும் தொடுகைக்கும் மாட்டுக் கொம்பைப் போலிருக்கும், கத்தியால் சீவவும் வரும். ஒளி பட்டால் நிறம் ஆழ்ந்து ஊதாவும் பழுப்புமாகும். பழைய புகைப்படச் சுருளில் ஒளியைப் பதித்த பொருள்களின் குடும்பம்தான் இது. வெள்ளி குளோரைடாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய இரண்டரை மடங்காகப் பெருகுகிறது, அதனால் மேற்பரப்பு உப்பிக்கொண்டு வருகிறது. ஆனால் அது மெல்ல மெல்ல, அணு அணுவாக நடக்கும் மாற்றம் என்பதால், காசின் மூல மேற்பரப்பில் இருந்த எழுத்தின் வடிவம் சில வேளைகளில் அந்தக் கொம்பு வெள்ளிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடியில் இருக்கும் உலோகம் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்க, எழுத்து மட்டும் மேலே, மாறிப்போன பொருளில், நிழல்போல நிற்கிறது. அந்தத் திட்டை எடுத்தால் எழுத்து வெளியே வராது, திட்டோடு போய்விடும். நான் இழந்த 0.16 கிராமில் மண்ணின் பங்கைக் கழித்தாலும், வெள்ளிக் குளோரைடின் எடையில் முக்கால் பங்கு வெள்ளியே என்பதால், பெரும்பகுதி ருத்ரசேனனின் அக்கசாலையிலிருந்து, அதாவது காசு அடிக்கும் கூடத்திலிருந்து, வந்த வெள்ளிதான். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கொண்டு, இப்படிப்பட்ட குளோரைடை இருந்த இடத்திலேயே மீண்டும் வெள்ளியாக மாற்றும் முறையும் இருக்கிறது என்று பின்னர் படித்தது ஆறுதலாக இல்லை.

இந்த ஒரு காசுதான் பிறகு நான் பழைய வெள்ளியைத் தொடும் முறையை மாற்றியது. வீட்டில் காசு சுத்தம் செய்வது பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘எதைப் போட்டால் போகும்?’ என்றே தொடங்குகிறார்கள். போகவேண்டியது என்ன என்று முதலில் பார்க்கவேண்டும். பழைய வெள்ளியின் மேல் மண்ணைத் தவிர மூன்று பொருள்கள் படியும். அவை மூன்றும் மூன்று வகை, ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு.

முதலாவது எல்லோரும் அறிந்த கறுப்பு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியைத் தொட்டு வெள்ளி சல்ஃபைடாக்குகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, செம்மை, நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சள் தெரியும் கட்டத்தில் அந்தப் படலத்தின் கனம் சில பத்து நானோமீட்டர்தான். சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்தில் நியாயம் இருக்கிறது. சீராகக் கறுத்த காசில் மேடு வெளிறியும் பள்ளம் இருண்டும் நிற்பதால் முகமும் எழுத்தும் எடுப்பாகத் தெரியும்; வெளுத்த காசில் ஒளி எல்லாப் பக்கமும் தெறித்துக் கண்ணைக் கூசவைக்குமே தவிர எதையும் படிக்க விடாது. இந்தக் கறுப்பு காசை அரிப்பதும் இல்லை. ஆகவே வெறும் கறுப்புக்காகப் பழங்காசைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாவது, மேலே சொன்ன கொம்பு வெள்ளி. மூன்றாவது பச்சை. வெள்ளியில் பச்சை ஏது என்று கேட்கலாம். பழங்காசு எதுவும் தூய வெள்ளி அன்று, செம்பு கலந்தது. மண்ணில் செம்புதான் முதலில் கரையும், கரைந்து மேலே வந்து பச்சைக் களிம்பாகவும் அதனடியில் செங்கல் நிறத்துச் செம்பு ஆக்சைடாகவும் படியும். கலப்பு எவ்வளவு கூடுதலோ களிம்பும் அவ்வளவு கூடுதல். தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அவற்றில் வெள்ளியின் பங்கு மிக அதிகம் என்பதால் பச்சை குறைவு, கறுப்பும் கொம்பு வெள்ளியும்தான் பேச்சு. அதற்கு எதிராக, மகதம் முதல் பாண்டிய நாடு வரை புழங்கிய, வெள்ளித் துண்டில் சிறு சிறு குறிகளைக் குத்திய முத்திரைக் காசுகளில் செம்பு நன்றாகக் கலந்திருக்கும். பானையில் புதைந்து கிடந்தவை ஒன்றோடொன்று பச்சைக் களிம்பால் ஒட்டிக் கட்டியாகவே வரும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கு ஒரே மருந்துதான் இருந்தது: திருநீறு. ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் அப்பாயி குங்குமச்சிமிழ், விளக்கு, சந்தனக்கிண்ணம் எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் பரப்பி, நனைத்த துணியில் திருநீற்றைத் தொட்டுத் தேய்ப்பார். சுருக்குப்பையில் வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய்களையும் அப்படியே தேய்ப்பார், ஆண்டுக்கு ஒரு முறை, நாற்பது ஐம்பது ஆண்டுகளாக. அந்த ரூபாய்கள் என்னிடம்தான் இப்போது இருக்கின்றன. அக்கசாலையிலிருந்து வெளிவந்தபோது ஒவ்வொன்றும் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இன்று நிறுத்தால் 11.4, 11.3 என்று காட்டுகின்றன. ராஜாவின் தாடி வழவழவென்றாகி, மணிமுடியின் கற்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கைமாறிக் கைமாறித் தேய்ந்தது பாதி, திருநீறு தின்றது பாதி. சாம்பலில் உள்ள துகள்கள் வெள்ளியைவிடக் கடினமானவை. மென்மையாகத் தோன்றும் பல் பொடியும் பற்பசையும்கூட அப்படியே. சந்தனக்கிண்ணத்துக்கு இதனால் குறைவில்லை, அதன் வேலை பளபளப்பது. காசின் வேலை படிக்கப்படுவது. தேய்ப்பு எப்போதும் மேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. எழுத்து இருப்பதும் மேட்டில்தான். ஆனாலும் அந்த ரூபாய்களை நான் குறையாக நினைப்பதில்லை, அப்பாயியின் விரல் பட்ட வழவழப்பு அது. வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். நூறு இருநூறு ஆண்டு வயதுள்ள, மண்ணைக் காணாத காசுகளைச் சுத்தமே செய்யக்கூடாது. செய்தால் சேகரிப்பாளரின் கண்ணில் அதன் மதிப்பு பாதியாகும். மண்ணிலிருந்து வந்த பழங்காசுகளின் கதை வேறு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் சேரன் மாக்கோதையின் வெள்ளிக்காசும், ரோமானியக் காசும், முத்திரைக் காசும் யாரோ ஒருவரால் எப்போதோ சுத்தம் செய்யப்பட்டவையே. இல்லையேல் தலைக்கு மேலுள்ள தமிழ் பிராமி எழுத்தை யாரும் படித்திருக்க முடியாது. ஆகவே பழங்காசைப் பொறுத்தவரை எவ்வளவு சுத்தம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே பேச்சு.

இப்போது என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். காசு கைக்கு வந்ததும் முதலில் இரு பக்கமும் படம், சாய்ந்த ஒளியில் மறுபடியும் படம். ருத்ரசேனன் காசைத் தேய்க்கும் முன் நான் படம் எடுக்கவில்லை. விற்றவர் அனுப்பிய சிறிய கைப்பேசிப் படம் மட்டுமே இருக்கிறது, அதில் மூன்றாவது குறி ஒரு நிழல். அடுத்து எடை, நூற்றில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசில். எடையும் படமும் குறிப்பேட்டில் ஏறிய பிறகுதான் தண்ணீர்.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அன்று. எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு வெள்ளையாகப் படியும். நகராட்சித் தண்ணீரில் குளோரின். இரண்டிலும் இருப்பது வெள்ளியை அரிக்கும் அதே குளோரைடு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கிறது, அது போதும். ஆனால் கடையில் அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் அதே நிறக் கேனில் இருக்கும். பெயரைப் படித்துவிட்டு எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத் தகுந்ததே தவிர இதற்குத் தகுந்தது அன்று, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு நீரை விட்டு, தூசி விழாமல் மூடிவைத்து, நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுவேன். வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்பானுக்காக வாங்கிய, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை ஊறிய நீரில் அமிழ்த்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முதல் நாள் அளவு ஏறும், நாள் செல்லச் செல்ல இறங்கும். காசின் நுண்துளைகளிலிருந்து உப்பு வெளியே வருவதற்கு அது ஒரு முரட்டுக் கணக்கு. அளவு புது நீரின் அளவோடு நின்றுவிட்டால் அந்தக் காசு தர இருப்பதைத் தந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் ஆகும், சிலவற்றுக்கு மூன்று வாரம். வெறும் நீர் இவ்வளவு செய்யும் என்பதை நம்பாதவர்களே எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போகிறார்கள். உண்மையில் பாதிக் காசுகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. மண் இளகித் தானே உதிர்ந்துவிடுகிறது.

உதிராத மண்ணுக்கு, நகை வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் பூந்திக்கொட்டை. இரண்டு கொட்டையை உடைத்து டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தால் நுரைக்கும் தண்ணீர் கிடைக்கும், பாத்திரம் துலக்கும் சோப்பில் இருக்கும் உப்பும் நிறமும் வாசனையும் இதில் இல்லை. மென்மையான ஓவியத் தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுப்பேன். பல்துலக்கியை இப்போது பக்கத்தில் வைப்பதில்லை. எழுத்தின் இடுக்கில் இறுகிய மண்ணுக்கு மூங்கில் பல்குச்சியின் நுனியை நீரில் நனைத்து, லென்ஸுக்கு அடியில் வைத்து, மண்ணை மட்டும் நெம்புவேன். குச்சி வெள்ளியைவிட மென்மை, ஆகவே தவறினால் குச்சிதான் மழுங்கும். ஆனால் கொம்பு வெள்ளியை அதுவும் கீறிவிடும் என்பதால் சாம்பலோ ஊதாவோ மெழுகுப் பளபளப்போ தென்பட்ட இடத்தில் குச்சி நின்றுவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு, பசைநாடா, பழைய வார்னிஷ், மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பிசுபிசுப்பு ஆகியவற்றுக்கு அசிட்டோன். இது உலோகத்தைத் தொடாது, கரிமப் பொருளை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் சாயமும் கலந்திருப்பதால் அது வேண்டாம். தனி அசிட்டோன் ரசாயனக் கடையில் கிடைக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், அடுப்பு அணைந்திருக்கவேண்டும், பூஜை விளக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கால் மணி நேரம் போதும். நீரில் ஊறிய காசைக் கடைசியாக ஒரு முறை அசிட்டோனில் முக்கி எடுத்தால் துளைகளிலுள்ள ஈரமும் வெளியேறிவிடும். பிறகு பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுக்கவேண்டும்; துடைப்பதும் ஒரு தேய்ப்புதான்.

இந்த அளவோடு நிற்பவர்கள் காசைக் கெடுப்பது அரிது. இதற்கு அப்பால் இருப்பவை எல்லாம் ஒரு பொருளைக் கரைத்து எடுக்கும் முறைகள். கரைப்பானுக்கு லென்ஸ் கிடையாது.

பச்சைக் களிம்புக்கு எலுமிச்சம்பழச் சாறு உண்மையாகவே வேலை செய்யும். சிட்ரிக் அமிலம் செம்புக் கார்பனேட்டைக் குமிழ்விட்டுக் கரைக்கும். ஆனால் அது மேலிருக்கும் களிம்போடு நிற்காமல், வெள்ளிக்குள் பிரிந்து கிடக்கும் செம்பின் அரிப்புக்குள்ளும் இறங்கி அங்கிருப்பதையும் கரைத்துவிடும். காசு பார்வைக்கு முழுதாக இருந்துகொண்டே உள்ளுக்குள் கடற்பஞ்சாகும். அவசியமானால் சாற்றைப் பத்து மடங்கு நீரில் கலந்து, ஒரு நிமிடம், பிறகு கழுவிப் பார்த்தல், மறுபடி ஒரு நிமிடம் என்று போவேன். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முறை, பிறகு மறுபடியும் ஒரு வார ஊறல். இரவு முழுக்கச் சாற்றில் போட்டுவிட்டுத் தூங்கிய நண்பர் ஒருவரின் வெள்ளிக்காசு காலையில் செக்கச்செவேல் என்றிருந்தது. அது செம்புக் கட்டைக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலி; தகட்டின் கிழிசல் வழியாகச் சாறு உள்ளே போய்விட்டது. பழங்காலப் போலியும் சேகரிக்கத் தகுந்த பொருள்தான், அதையும் அவர் இழந்தார்.

அலுமினியத் தாளும் சோடாவும் வெந்நீரும் சேர்ந்த முறை காணொளிகளில் மிகப் பெயர்பெற்றது. அலுமினியம் எலக்ட்ரான் தர, சல்ஃபைடு மீண்டும் வெள்ளியாகிறது, கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக வெளியேறுகிறது. வெள்ளித் தட்டுக்கு நல்ல முறை, தேய்ப்பைவிட நல்லதுதான். பழங்காசில் அது டோனிங் முழுவதையும் ஒரே நிமிடத்தில் பறித்து, சுண்ணாம்பு பூசியது போன்ற செத்த வெண்மையை விட்டுச்செல்கிறது. கைப்பேசி சார்ஜரையும் உப்புத் தண்ணீரையும் எவர்சில்வர் கரண்டியையும் கொண்டு மின்பகுப்புச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் காசைவிட அவர்களைப் பற்றித்தான் கவலை. உப்பு நீரிலிருந்து குளோரின் வாயு எழும், எவர்சில்வரிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும், கம்பி இடம் மாறினால் காசு கரையும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்து, சு. பரமசிவன் அதில் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பால் சீராக்கினார் என்பது உண்மை. மின்னோட்டத்தை அளந்து, திருமேனியின் நிலையை ஆராய்ந்து, பயிற்சி பெற்றவர் செய்த வேலை அது.

கொம்பு வெள்ளியைக் கரைக்கும் பொருளும் உண்டு. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ‘ஹைப்போ’ என்று அழைத்த சோடியம் தயோசல்ஃபேட். ஒளி படாத வெள்ளி உப்பைச் சுருளிலிருந்து கழுவி எடுத்த அதே வேலையைத்தான் காசிலும் செய்கிறது. அடியில் நல்ல வெள்ளி இருந்து, மேலே மெல்லிய படலம் மட்டும் இருந்தால் பலன் தரும். என் ருத்ரசேனனைப் போல எழுத்தே குளோரைடாகிவிட்டால் பல்துலக்கி செய்ததை இன்னும் துல்லியமாகச் செய்து முடிக்கும். சரியாகக் கழுவாமல் விட்டால் மிஞ்சிய ஹைப்போவின் கந்தகம் பிறகு காசைத் திட்டுத்திட்டாகக் கறுக்கவும் செய்யும். அம்மோனியாவும் அதே குளோரைடைக் கரைக்கும், ஆனால் வெள்ளி கரைந்த அம்மோனியாவை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகலாம். அதனால் அம்மோனியா புட்டி என் வீட்டிற்குள் வருவதில்லை.

ருத்ரசேனன் காசைக் கெடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான, நகை செய்யும் ஒரு பத்தரின் பட்டறைக்குப் போனேன். கையில் வாங்கியதும் அவர் செய்தது, எல்லோரும் வெள்ளி ரூபாய்க்குச் செய்வது. கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டப் போனார். நான் பதறி, “சுண்டாதீங்கண்ணே, ஒடைஞ்சுடும்” என்றேன். “வெள்ளி எங்கயாச்சும் ஒடையுமா தம்பி, வளையுமே தவிர” என்று சிரித்தார். புது வெள்ளி வளையும். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த வெள்ளியில், கலந்திருந்த செம்பு படிகங்களின் விளிம்புகளுக்கு நகர்ந்து பிரிந்து, அந்த விளிம்புகள் வழியாகவே அரிப்பும் உள்ளே இறங்கி, படிகங்களை ஒட்டிவைத்த பிடிப்பு போய்விடும். அப்படிப்பட்ட காசு கல் தரையில் விழுந்தால் பிஸ்கட் போல இரண்டாகும். உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியின் உடைவு போலப் பொடிப்பொடியாகத் தெரியும். அவர் மேசை விரிப்பின் மேல் மெதுவாக வைத்துத் தட்டிப் பார்த்தார், மரக்கட்டையின் ஓசை. “தணல்ல காட்டி எடுத்தா இறுகிடும், காட்டவா?” என்றார். சூடேற்றினால் வெள்ளி இளகி நெகிழ்வு திரும்பும் என்பது அவர் தொழிலில் உண்மை. ஆனால் கொம்பு வெள்ளி 455 டிகிரி செல்சியஸிலேயே உருகும்; மிச்சமிருந்த நூறும் எண்பதும் அதோடு ஓடியிருக்கும். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து காசு கழுவுவது மடித்த துண்டின் மேல் மட்டுமே. கண்ணாடிக் கடைகளில் வைத்திருக்கும் மீயொலிக் கழுவு கருவியிலும் பழைய வெள்ளியைப் போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலை அது முடித்துவைத்துவிடும்.

எல்லாம் தோல்வி அன்று. சென்ற ஆண்டு ஒரு முத்திரைக் காசு வந்தது, ஒழுங்கற்ற சதுரம், 3.2 கிராம், இரு பக்கமும் பச்சை மூடியது. முன்பக்கத்தில் ஐந்து முத்திரைகள் இருக்கவேண்டும், தெரிந்தது ஒன்றே ஒன்று, கதிரவனின் இரண்டு கதிர். பதினெட்டு நாள் தண்ணீர். ஒன்பதாம் நாள் ஒரு மூலையில் பச்சைத் தகடு ஒன்று தானாகவே கழன்று கிண்ணத்தின் அடியில் கிடந்தது; தூக்கிப் பார்த்தால் அந்தத் தகட்டின் உட்புறத்தில் முத்திரையின் எதிர்வடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. அதையும் ஒரு சிறு உறையில் எடுத்துவைத்திருக்கிறேன். இரண்டாம் வாரம் குச்சியும் லென்ஸும், நாளுக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் உட்கார்ந்தால் கை அவசரப்படும். ஆறு கைகள் கொண்ட சக்கரக் குறி வந்தது, பிறகு பிறை சூடிய மலை. நான்காவது பாதி தெரிகிறது. ஐந்தாவதன் மேல் இன்னும் பச்சை இருக்கிறது, அதைத் தொடவில்லை. பின்பக்கத்தில், காசு கைமாறும்போது சோதித்தவர்கள் குத்தியதாகக் கருதப்படும் சின்னஞ்சிறு முத்திரைகள் உள்ளன, முன்பக்க முத்திரைகளைவிட ஆழம் குறைந்தவை. எலுமிச்சையில் போட்டிருந்தால் அவைதான் முதலில் மங்கியிருக்கும். எடை 3.2-இலிருந்து 3.11 ஆனது. இந்த முறை கிண்ணத்தின் அடியில் நின்ற வண்டலையும் உலர்த்தி நிறுத்தேன், 0.08. கணக்கு ஏறக்குறைய நேர்.

கடையில் வாங்கிய காசுக்குத்தான் இவை எல்லாம் பொருந்தும். வயலிலோ ஆற்றிலோ காசு கண்டெடுத்தால் கழுவவே கூடாது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் ஏராளமாக வந்திருக்கின்றன. கண்டவர்கள் கையோடு தேய்த்தவை எத்தனையோ. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்படவேண்டும். பத்து ரூபாய் என்பது இன்று சிரிப்பூட்டும் தொகை, சட்டம் மட்டும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், ஒட்டிய மண் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதும், களிம்பில் சில நேரம் பதிந்து நிற்கும் துணிப்பையின் நெசவும் ஆய்வாளருக்குக் காசின் முகத்தைவிடப் பெரிய செய்தி.

சுத்தம் செய்த காசை எங்கே வைப்பது என்பதில் கெடுபவை, கிண்ணத்தில் கெடுபவற்றைவிட அதிகம். வளையும் பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலம் கக்கிப் பச்சைப் பிசின் விடும், புதுப் பிளாஸ்டிக் வாசனை வந்தால் அந்த உறை வேண்டாம். மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ போதும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, ரப்பரைக் கெட்டியாக்குவதே கந்தகம்தான். கம்பளித் துணியும் அவ்வாறே. ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பை ஒன்று. விளிம்பைப் பிடித்துத் தூக்குவது, வியர்வையும் உப்புதான்.

ருத்ரசேனன் தன் உறையில் இருக்கிறான். உறையின் மேல், மகாசத்திரபன் ருத்ரசேனன், வீரதாமனின் மகன், 2.15 கிராம் என்று எழுதி, ஆண்டு என்ற இடத்தில் சக 18 என்று தொடங்கி அடுத்த இலக்கத்துக்கு ஒரு சிறு கோடு போட்டிருக்கிறேன். பொது ஆண்டில் அது 258-க்கும் 268-க்கும் இடையில் எங்கோ விழுகிறது. விற்றவர் அனுப்பிய படத்தை அச்சிட்டு உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அந்த நிழலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒரு நாள் அது இரண்டு கிடைக்கோடு போலத் தெரிந்தது, அதாவது இரண்டு, மறுநாள் மூன்று.